வீட்டுக்கு வரும் பேப்பரைச் சந்தேகிக்க எப்படிக் கற்றுக்கொடுப்பது? குமரி வகுப்பறைக்கு ஓர் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். போன ஆண்டு பதினோராம் வகுப்பில் ஒரு நாள் இரண்டு கேள்விகள் கேட்டேன். "பேப்பரும் டிவியும் ஒருபக்கமாகச் செய்தி போடுகின்றன என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள்." வகுப்பு முழுவதும் தூக்கியது. "உங்கள் வீட்டுக்கு வரும் பேப்பரும் அப்படித்தானா?" நாலைந்து கைகள் மட்டும் நின்றன.

வரும் கல்வியாண்டில், சர்ச்சைக்குரிய விஷயங்களை ஆராய்ந்து பார்க்கவும் ஊடகச் சார்பைக் கண்டுகொள்ளவும் மேல்நிலை முதலாம் ஆண்டுக்கு வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கலாம் என்று எங்கள் பள்ளியில் பேச்சு நடக்கிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் இதே யோசனையில் இருக்கிறார்கள். எப்படி நடத்துவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. வெளியிலிருந்து ஆள் வரவழைத்து ஒருநாள் பயிலரங்கு வைத்தால் போதும் என்கிறார் ஒருவர். தமிழாசிரியர் பட்டிமன்றம் என்கிறார். கம்ப்யூட்டர் டீச்சர், லேபில் உட்காரவைத்து இணையத்தில் சரிபார்க்கப் பழக்கலாம் என்கிறார். நான் பேப்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் வழியில் சில மாதங்கள் பழகியவன். பணி ஓய்வை நெருங்கும் ஒரு மூத்த ஆசிரியர், ஆவணத்தையும் ஆட்களையும் நேரில் பார்க்காமல் எதுவும் உருப்படாது என்கிறார்.

ஐந்தையும் எடைபோட நான் எடுத்துக்கொண்ட படிக்கல் ஒன்றுதான். அந்த இரண்டாவது கேள்விக்குக் கை தூக்கவும், தூக்கிய பிறகு காரணம் சொல்லவும் பிள்ளையை எது தயார் செய்யும்? அடுத்த வீட்டுப் பேப்பரின் சாய்வு எல்லாருக்கும் கண்ணில் படும். அதற்குப் பாடவேளை வேண்டாம்.

ஒருநாள் பயிலரங்கை முதலில் பேசி முடித்துவிடலாம், அதில் எனக்குக் குழப்பமே இல்லை. நடத்துவது எளிது, பாடத்திட்டத்தைத் தொந்தரவு செய்யாது. ஆனால் பலன் நிற்பதில்லை. 2019 மக்களவைத் தேர்தலை ஒட்டி சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் பிகாரில் 1,224 பேரை வைத்து ஒரு கள ஆய்வு செய்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தும், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் திறன் மொத்தத்தில் கூடவில்லை. ஆளுங்கட்சி ஆதரவாளர்களிடம், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யைப் பொய் என்று கண்டுகொள்வது குறைந்தே போனது. என் படிக்கல்லில் வைத்துப் பார்த்தால் இதைவிட மோசமான முடிவு கிடையாது. பிறகு அதே பிகாரில் அவரும் சக ஆய்வாளர்களும் இன்னொரு முயற்சி செய்தார்கள். 583 கிராமங்களில், 8ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் சுமார் 13,500 பிள்ளைகளுக்கு, கிராம நூலகங்களில் 14 வாரங்களில் பரப்பி நான்கு அமர்வுகள். இந்த முறை பலன் தெரிந்தது. நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோதும் இருந்தது, பெற்றோர் வரைக்கும் போயிருந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் தடுப்பூசி பற்றிய வாட்ஸ்அப் வதந்திகளுக்குப் பிறகு, 2018இல் ஆட்சியரே முன்கையெடுத்துப் பள்ளிகளில் பொய்ச் செய்தி வகுப்புகள் தொடங்கினார். அங்கே அது பள்ளிப் பாடவேளைக்குள் வந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஆகவே, கையில் இருப்பது ஒரே ஒரு நாள்தான் என்றால் அந்த நாளை முப்பது பத்து நிமிடங்களாக உடைத்துவிடுங்கள். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

பட்டிமன்றத்தை அப்படி எளிதில் ஒதுக்க முடியாது. பேசக் கூச்சப்படும் பிள்ளையை அது மேடையேற்றுகிறது. ஊரே வந்து உட்கார்ந்து கேட்கிறது. ஆனாலும் ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு எனக்கு அதில் நம்பிக்கை குறைந்தது. இலக்கிய மன்றத்தில், மாவட்டத்துக்குச் சரக்குப் பெட்டகத் துறைமுகம் வரமா சாபமா என்று தலைப்பு வைத்தோம். 2016 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை இனயத்தில் துறைமுகம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு வந்தது. பிறகு கன்னியாகுமரிப் பக்கத்துக் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவே என்று இடம் மாறியது. அங்கும் எதிர்ப்பு வந்தது. வேண்டும் என்று ஒரு கூட்டமும் வேண்டாம் என்று ஒரு கூட்டமும் தெருவில் இறங்கிய விஷயம். ஒரு கடப்புறத்துப் பையனுக்குச் சீட்டுக் குலுக்கலில் "வரம்" அணி விழுந்தது. அவன் பேசிய பேச்சுக்குக் கைதட்டல் அடங்கவே ஒரு நிமிடம் ஆனது, பரிசும் அவனுக்குத்தான். மறுநாள் வராந்தாவில் என்னை நிறுத்தி, "சார், நான் பேசினதுல எது நிஜம்னு எனக்கே தெரியல. எதிரணி சொன்னதுல எது நிஜம்னும் தெரியல" என்றான்.

அவன் மேல் குற்றம் இல்லை. முடிவைக் கையில் கொடுத்துவிட்டு ஆதாரம் தேடச் சொன்னது நாங்கள். பட்டிமன்றத்தில் பேசுபவன் தனக்கு உதவும் தகவலை மட்டும் பொறுக்குவான், பொறுக்கவும் வேண்டும், அது அந்தக் கலையின் விதி. சார்பான ஊடகம் செய்வதும் இதே வேலைதான். நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நோயைப் பழக்கிவிடுகிறோம். தலைப்பும் ஒரு சிக்கல். வரமா சாபமா என்று கேட்டுவிட்டால், யாருக்கு வரம், யாருக்குச் சாபம் என்று கேட்க இடமே இல்லை. வள்ளம் வைத்திருப்பவருக்கும், நாகர்கோவிலில் லாரி ஓட்டுபவருக்கும், வேலை தேடும் பட்டதாரிக்கும் ஒரே விடை எப்படி வரும்?

பேப்பர் ஒப்பீட்டுக்கு வருகிறேன். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும் மலையாளப் பேப்பரும் கிடைக்கும், வகுப்பில் சில பிள்ளைகளுக்காவது மலையாளம் வாசிக்கவும் தெரியும். ஒரே ஆற்றைப் பற்றி இரண்டு மாநிலத்துப் பேப்பரையும் ஒரே மேசையில் விரித்து வைக்க நம்மால் முடியும்.

நான் எடுத்துக்கொண்ட ஆறு நெய்யாறு. அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடல் சேர்கிறது. அந்த ஆற்றில் அணைக்குத் திட்டம் போட்ட காலத்தில் விளவங்கோடும் கேரளத்துக்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள்தான் இருந்தது. 1956 நவம்பர் 1இல் எல்லைக்கோடு மாறி விளவங்கோடு தமிழகப் பக்கம் வந்தது, சானல் (பாசனக் கால்வாய்) இருந்த இடத்திலேயே இருந்தது. இடதுகரை சானல் வழியாக விளவங்கோட்டில் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாய்ந்த தண்ணீர் 2004இல் நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இது இரு மாநில ஆறு, நீர்பிடிப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பது தமிழ்நாட்டின் வாதம். கேரளத்தில் பிறந்து கேரளத்திலேயே முடியும் ஆறு, தண்ணீர் வேண்டுமென்றால் உடன்பாடும் கட்டணமும் வேண்டும் என்பது கேரளத்தின் வாதம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த வழக்கே தெரியாது. ஆனால் வீட்டுப் பக்கத்தில் புல் முளைத்துக் கிடக்கும் சானல் எல்லாருக்கும் தெரியும். "ஏலாவெல்லாம் (நெல்வயலெல்லாம்) ரப்பரும் வாழையுமா மாறினது இதனாலதான்" என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறார்கள். அது மட்டும்தான் காரணமா என்பதும் பிறகு ஒரு வாரத்துக்கான கேள்வி ஆயிற்று.

இந்த ஒப்பீட்டில் பிள்ளைகள் முதலில் பிடித்தது வினைச்சொல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் "தர மறுக்கிறது", அந்தப் பக்கம் "கேட்கிறது". இரண்டும் உண்மை. ஆனால் முதல் வாக்கியத்தில் தவறு செய்பவர் கேரளம், இரண்டாவதில் தொந்தரவு செய்பவர் தமிழ்நாடு. அடுத்தது, யார் பேச்சு முதலில் வருகிறது, யார் பேச்சு கடைசிப் பத்தியில் ஒரே வரியில் வருகிறது என்பது. சானல்கரையில் நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவரையாவது யாராவது கேட்டார்களா? படம் எந்த மாதம் எடுத்தது? சித்திரையில் எடுத்த சானல் படத்துக்கும் ஆனியில் எடுத்த படத்துக்கும் வேறு வேறு கதை.

பிறகு தமிழுக்கே உரிய அடையாளங்கள் சில உண்டு. இவற்றை வேறு மொழியில் எழுதிய பயிற்சிக் கையேட்டில் பார்க்க முடியாது. ஒரு பேப்பர் "மத்திய அரசு" என்று எழுதும், இன்னொன்று "ஒன்றிய அரசு" என்று எழுதும். 2021க்குப் பிறகு இந்த ஒரு சொல்லை வைத்தே பேப்பர் நிற்கும் இடத்தைப் பாதி ஊகித்துவிடலாம். (நான் இந்தக் கட்டுரையில் எதை எழுதியிருக்கிறேன் என்று பாருங்கள். எனக்கும் ஒரு நிலை இருக்கிறது.) அடுத்தது மரியாதை விகுதி. கோடிக்கணக்கில் ஏமாற்றிய நிதி நிறுவன அதிபர் "கைது செய்யப்பட்டார்", கோழி திருடியவன் "சிக்கினான்". இரண்டு பேருமே அன்றைக்குக் குற்றம் சாட்டப்பட்டவர்கள்தான், நீதிமன்றம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது, "கூறப்படுகிறது". யாரால் கூறப்படுகிறது? ஒரு பக்கச் செய்தியில் எத்தனை "கூறப்படுகிறது", "தெரிகிறது", "சொல்லப்படுகிறது" என்று பிள்ளைகளைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொன்னேன். சில செய்திகளில் பெயரோடு பேசிய ஒரு மனிதர்கூட இல்லை. ஒரு மாணவி வட்டமிட்டுக்கொண்டே வந்தவள், அது தன் வீட்டுப் பேப்பர் என்று தெரிந்ததும் பேனாவை மூடிவிட்டாள். அடுத்த வாரம் தானாகத் திறந்தாள். இந்த வழியின் பலம் இதுதான். பேப்பரின் பெயரை மறைத்துவிட்டுச் செய்தியை மட்டும் வெட்டிக் கொடுக்கலாம், முகம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பிறகு முகத்தைப் பார்ப்பார்கள்.

சார்பு என்றாலே அழுக்கு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்கு நம் மாவட்ட வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில் டி.வி. ராமசுப்பையரால் தொடங்கப்பட்டது. தமிழகத்தோடு சேரப் போராடிய திருவிதாங்கூர்த் தமிழர்களின் பக்கம் நின்றது, பிறகு 1957இல் திருநெல்வேலிக்கு வந்தது. அந்தப் போராட்டத்தில் பேப்பர் நடுநிலையாக இருந்திருக்க வேண்டுமா? அந்தப் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணியைத் தலைவராகப் பார்த்த வீட்டுப் பிள்ளை ஒரு விடை சொல்லும், கேரளத்தோடு நின்ற நெய்யாற்றின்கரையில் உறவுள்ள பிள்ளை வேறு விடை சொல்லும். இரண்டும் வகுப்பில் பேசப்படலாம். இங்கே முரசொலியும் கேரளத்தில் தேசாபிமானியும் கட்சிப் பத்திரிகை என்று சொல்லிக்கொண்டே எழுதுகின்றன. சொல்லாமல் சாய்வதற்கும் சொல்லிவிட்டுச் சாய்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் மிக நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இந்த வழியில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு, அதை நான் வகுப்பிலேயே பார்த்தேன். ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு ஒருவன் பேப்பரைத் தள்ளிவைத்துவிட்டு, "எல்லாருமே பொய்தான் சார், அப்புறம் எதுக்கு வாசிக்கணும்?" என்றான். வகுப்பில் பாதி தலையாட்டியது. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டோம் என்று எனக்கு மனசு கனத்துவிட்டது. எல்லாம் பொய் என்று முடிவு கட்டியவன், கடைசியில் தனக்குப் பிடித்தவர் சொல்வதைத்தான் நம்புவான். சாய்வைக் காட்டிக்கொடுப்பதோடு பேப்பர் ஒப்பீடு நின்றுவிடுகிறது. எது நடந்தது என்று கண்டுபிடிக்க அடுத்த படி ஒன்று வேண்டும்.

கம்ப்யூட்டர் டீச்சர் சொல்லும் இணையச் சரிபார்ப்பு அந்தப் படியில் பாதி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 வரலாற்றுப் பேராசிரியர்களையும், 10 தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்களையும், 25 மாணவர்களையும் இணையதளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் வாசித்து, அழகான முகப்பைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இவர்கள் யார், காசு எங்கிருந்து வருகிறது, மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். அவர்கள்தான் விரைவாகவும் சரியாகவும் முடித்தார்கள். வரலாற்று ஆசிரியனான எனக்கு இது சுருக்கென்று தைத்தது. ஒரு பக்கத்தை ஆழமாக வாசி என்றுதான் நான் இவ்வளவு காலம் சொல்லிவந்தேன். இப்போது, முதலில் ஆளை விசாரி, பிறகு வாசி என்கிறேன். நம் ஊரில் பெண் பார்க்கப் போகும் முன் நாலு பேரிடம் விசாரிப்பது போலத்தான்.

பழக ஒரு நல்ல சிறு செய்தி, கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் 2024 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கண்ணாடியில் விரிசல் என்று படம் பரவியது. விரிசல் நிஜம். பராமரிப்பு வேலையில் சுத்தியல் விழுந்ததால் ஒரு கண்ணாடியில் ஏற்பட்டது என்று அதிகாரிகள் விளக்கினார்கள். படம் உண்மையாக இருந்தும் அதோடு ஒட்டிவரும் கதை பெரிதாகலாம் என்பதைக் காட்ட இது போதும். அதே நேரம் விளக்கம் சொன்னவர்கள் யார், அவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்றும் கேட்கச் சொல்ல வேண்டும். சரிபார்ப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. தமிழ்நாடு அரசுக்கு 2023 முதல் ஒரு செய்தி சரிபார்ப்பகம் இருக்கிறது, ஒன்றிய அரசுக்கு 2019 முதல் ஒன்று இருக்கிறது. தன்னைப் பற்றிய செய்தியைத் தானே பொய் என்று முத்திரை குத்த அரசுக்கு வழிசெய்த விதித் திருத்தத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. தனியார் நடத்தும் தளங்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

குறை என்னவென்றால், வாட்ஸ்அப்பில் வரும் பொய்ப் படத்துக்கு இது கைகொடுக்கும். நெய்யாறு போன்ற விஷயத்துக்குப் போதாது. அங்கே பொய் என்று யாரும் எதையும் சொல்லவில்லை. உண்மைகளிலிருந்து பொறுக்கித்தான் இரண்டு பக்கமும் பேசுகின்றன. அப்புறம் லேபில் பத்து கம்ப்யூட்டர் வேலை செய்தால் அதிசயம், போன் பள்ளிக்குள் கூடாது.

மூத்த ஆசிரியர் சொல்லும் ஆவணமும் களமும்தான் ஆழமான வழி. கடினமானதும் அதுவே. கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் கதிர்வீச்சுள்ள மோனசைட் உள்ளிட்ட மணல் கனிமங்களை எடுக்க, அணுசக்தித் துறையின் கீழுள்ள ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டமிட்டது. 2024 அக்டோபர் 1இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில், அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை போட்டது. மணவாளக்குறிச்சியில் நூறு ஆண்டுக்கு மேலாக மணல் எடுக்கும் மாவட்டம் இது, வீட்டுக்கு வீடு ஒரு கருத்து உண்டு. கனிமத்தைப் பிரித்த மணலைத் திரும்ப நிரப்பினால் கதிர்வீச்சு குறையும் என்கிறது நிறுவனம். புற்றுநோய் கூடும், கடலரிப்பு கூடும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள்.

இங்கே பேப்பரை மூடிவைத்துவிட்டு ஆவணத்தைத் திறக்க வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின்படி கருத்துக்கேட்பு நடக்கும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும், பிள்ளைகள் அதை வாசிக்கலாம். முதல் கேள்வி, இந்த அறிக்கையை எழுதியவருக்குக் கூலி கொடுத்தது யார்? திட்டத்தைக் கொண்டுவருபவர்தான் ஆய்வு நிறுவனத்தை அமர்த்துகிறார். அதனால் அறிக்கை பொய் என்று ஆகாது, எதை அளக்கவில்லை என்று தேடும் கண் வேண்டும், அவ்வளவே.

அடுத்து கருநாகப்பள்ளி ஆய்வு. கொல்லம் மாவட்டத்தில் நம் கடற்கரை போலவே இயற்கைக் கதிர்வீச்சு அதிகமான பகுதி அது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் வெளியிட்டது. ஆதரிப்பவர்கள் இதை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி, அந்த மண்ணில் வாழ்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பது. தோண்டி, பிரித்து, லாரியில் ஏற்றுபவர்களுக்கு என்ன ஆகும், தூசு என்ன செய்யும், கரை என்ன ஆகும் என்பதெல்லாம் வேறு கேள்விகள். எதிர்ப்பவர்களும், "எங்கள் தெருவில் பத்து வீட்டில் புற்றுநோய்" என்று சொல்லும்போது அது மனதை உலுக்குகிறது. எத்தனை வீட்டில் பத்து, எத்தனை ஆண்டில் பத்து, உள்நாட்டுக் கிராமத்தில் எத்தனை என்று கேட்காமல் அது ஆதாரம் ஆகாது. இரண்டு பக்கத்தையும் இப்படிக் கேட்கப் பழகிய பிள்ளைக்கு "எல்லாரும் பொய்" என்று சொல்லத் தோன்றாது. இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று சொல்லத் தெரிந்துவிடும்.

எண்ணை விசாரிக்க ஒக்கியைவிடப் பெரிய பாடம் நம் மாவட்டத்தில் இல்லை. 2017 நவம்பர் 30இல் புயல் கடந்தபோது தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்னதும் மீனவர் அமைப்புகளும் தேவாலயங்களும் சொன்னதும் பொருந்தவில்லை. டிசம்பர் 7இல் குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் மக்கள் உட்கார்ந்ததற்கு அந்த எண்ணும் ஒரு காரணம். யாரோ பொய் சொன்னார்கள் என்று முடிப்பது எளிது. ஆனால் படகு கொச்சியிலிருந்து போயிருக்கும், தொழிலாளர்களில் வேறு மாநிலத்தவரும் இருப்பார்கள், சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறின. யாரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதே எண்ணை மாற்றிவிடும். ஆள் திரும்பி வருவார் என்று காத்திருக்கும் வீட்டில் போய் யார் எண்ணுவது? இதைக் கணக்காக மட்டும் நடத்தக் கூடாது. என் வகுப்பில் மாமாவை இழந்த பிள்ளை இருந்தது. அதனால் களத்துக்குப் போவதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் கேட்டேன், அவர்கள் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டேன்.

பழைய சர்ச்சையை வைத்தும் இதைச் செய்யலாம், மனம் அவ்வளவு கொதிக்காது. தமிழகத்தோடு சேரும் போராட்டத்தின்போது 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் நூலுக்கு நூல் எண் மாறும். திருவிதாங்கூர்-கொச்சியில் அப்போது ஆட்சியில் இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப் பிள்ளை. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று சொன்னார். எதிர்க்கட்சி கேட்டிருந்தால் வழக்கமான செய்தி. தன் கட்சி ஆட்சியே போகட்டும் என்று ஒருவர் சொல்லும்போது அதன் எடை வேறு. தன் நலனுக்கு எதிராகப் பேசும் சாட்சியைத் தனியாகக் குறித்துவை என்று நான் சொல்லிக்கொடுப்பது இந்த நிகழ்ச்சியை வைத்துத்தான்.

மதத்தைத் தொடும் சர்ச்சையை முதல் பருவத்தில் எடுக்க நான் ஒப்ப மாட்டேன். 1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரம் இன்னும் பல வீடுகளில் ஆறாத புண். ஒளித்து வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நெய்யாற்றில் கை பழகாத வகுப்பு மண்டைக்காட்டில் இறங்கினால், பிள்ளைகள் ஆராய மாட்டார்கள், அணி பிரிவார்கள். அப்படிப் பிரிந்ததைச் சேர்க்க ஒரு பாடவேளை போதாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பள்ளி என்றால் பேப்பர் ஒப்பீட்டில் தொடங்குங்கள் என்பேன். முதல் எட்டு வாரம் நெய்யாறு, தமிழும் மலையாளமும். அதற்குள் இரண்டு வாரம் லேப், செய்தி எழுதியவரையும் தளத்தையும் விசாரிக்க மட்டும். ஒன்பதாம் வாரத்திலிருந்து அரையாண்டுத் தேர்வு வரை ஒரே ஒரு ஆவணம், ஒரே ஒரு களம். நெய்யாறு என்றால் சானல்கரையில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, விவசாயிகள் மூன்று பேரிடமாவது பேசுவது. பட்டிமன்றம் கடைசியில் வரட்டும். பேச வேண்டிய அணி எது என்பதை மேடையேறும் பத்து நிமிடத்துக்கு முன் சொல்லுங்கள், பாதியில் அணியை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் தெரியாமல் அந்த மேடையில் நிற்க முடியாது. தமிழாசிரியர் இதற்குச் சம்மதித்துவிட்டார்.

தோவாளை, அகத்தீஸ்வரம் பக்கம் மலையாளம் வாசிக்கும் பிள்ளைகள் குறைவு. அங்கே தமிழ்ப் பேப்பர் இரண்டும் ஆங்கிலப் பேப்பர் ஒன்றும் போதும். நான்குவழிச் சாலைக்காகக் குளங்களில் மண் கொட்டிய பிரச்சினையோ, மலையை உடைத்துக் கேரளத்துக்குப் போகும் கல் லாரிப் பிரச்சினையோ எடுக்கலாம். கல் லாரி ஓட்டுபவரின் பிள்ளை வகுப்பில் இருப்பான், அவனைக் கூனிக்குறுக வைக்காதபடி கேள்வியை அமையுங்கள். கடப்புறத்துப் பள்ளி என்றால் ஒக்கியில் தொடங்காதீர்கள், நெய்யாறுதான் அவர்களுக்கும் முதலில் நல்லது. அந்தச் சர்ச்சையில் தங்கள் வீடு இல்லாததால் தைரியமாகக் கேள்வி கேட்பார்கள்.

வாரம் ஒரு பாடவேளைகூடக் கிடைக்காத பள்ளிக்கு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் நேரம் இருக்கிறது. ஒரே செய்தியை இரண்டு பேப்பரிலிருந்து இரண்டு பிள்ளைகள் வாசிக்கட்டும், பேப்பரின் பெயரைச் சொல்லாமல். மூன்றாவது பிள்ளை ஒரே ஒரு வேறுபாட்டைச் சொல்லட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

செலவு வாரத்துக்கு இரண்டு மூன்று சாயாக் காசுதான். முதல் வாரம் என் வீட்டுக்கு வரும் பேப்பரைத்தான் மேசையில் விரிக்கப் போகிறேன், சிவப்புப் பேனாவைப் பிள்ளைகள் கையில் கொடுத்து. மலையாளப் பேப்பருக்கு முன்கூட்டியே ஏஜென்டிடம் சொல்லிவைக்க வேண்டும், விடிந்து நேரமானால் எங்கள் பக்கத்துக் கடையில் மிச்சம் இருப்பதில்லை. ஜூன் முதல் வாரமே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.